ஒன்பது மணிப் படகு

அப்பாவின் பெயர் மணி இல்லை. பலருக்கு அது அவர் இறந்த அன்றுதான் தெரிந்தது. வாசலில் ஒட்டியிருந்த தாளில் வேறு ஏதோ பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டதாக நினைத்து இரண்டு பேர் தெருமுனை வரை திரும்பிப் போயிருக்கிறார்கள்.

பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் கூண்டுக்குள் தலையை நீட்டி "மணி என்ன?" என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது. வயதில் சிறியவர்களுக்கு மணி அண்ணன்.

கூண்டு நாலடிக்கு ஐந்தடி. ஒரு ஸ்டூல், ஒரு சாய்வு மேசை, இரண்டு கடிகாரங்கள். ஒன்று நிர்வாகம் கொடுத்தது. அதை அவர் நம்பவில்லை. இன்னொன்று அவரே வாங்கி மாட்டியது. வண்டி 10.42க்கு உள்ளே நுழைந்தால் 10.42 என்றுதான் எழுதுவார்.

"ரெண்டு நிமிஷம்தானே அண்ணே, நாப்பதுன்னு போடுங்க" என்று ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள்.

"நீ நாப்பதுக்கு வா. நாப்பதுன்னு போடுறேன்."

ஆளைப் பார்த்து நேரத்தை மாற்றாதவர் என்று பெயர் எடுத்தவர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் வேலை வேறு நகரத்தில், ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில். தொழிற்சாலைகளின் தராசு, அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து, எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகின்றன என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி அனுப்புவோம். தவறாகக் காட்டும் கருவியை யாரும் தூக்கி எறிவதில்லை. எவ்வளவு தவறு என்று தெரிந்தால் போதும், கழித்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுதாகியிருந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அறுவைசிகிச்சை என்று தொலைபேசியில் சொன்னார். செவ்வாய் இரவே நான் கிளம்பியிருக்க வேண்டும். ஒரு தொகுதி அழுத்தமானிகள் முடியாமல் இருந்தன. முடித்துவிட்டுப் புதன்கிழமை மதியம் ரயில் ஏறி, மாலை ஆறு மணிக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம், மயக்கத்தில் குழாய்களோடு கிடப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா.

"நாளைக்குத் தள்ளிப் போட்டுட்டாங்க," என்றார்.

நான் வெளியே போய் நர்ஸிடம் கத்தினேன். இதய நோயாளியை ஒரு நாள் காக்க வைப்பீர்களா, யாரைக் கேட்டுத் தள்ளிப் போட்டீர்கள் என்றெல்லாம். நர்ஸ் என்னைப் பார்த்தார். கதவு வழியாக அப்பாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பதில் இல்லாததால் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று எட்டு மணி வரை அப்பாவோடு இருந்தேன். கால்பந்துக் கோப்பைப் போட்டியில் யாருக்கு யார் என்று குலுக்கல் முடிந்து செய்தி வந்திருந்தது. காலிறுதியில் எங்கள் ஊர் அணிக்கு அக்கரை அணி. ஆட்டம் அவர்கள் மைதானத்தில். இடையில் கடல். படகில்தான் போக வேண்டும்.

"ஆட்டம் பார்க்க வர்ற நம்ம ஆளுங்க எல்லாரையும் படகுல ஏத்திடணும். அது ஒண்ணுதான் கஷ்டம்," என்றார் அப்பா. "மத்ததைக் களத்துல இருக்கற பதினோரு பேரு பார்த்துப்பாங்க."

"நீங்களே ஏத்துங்க."

"நான் நெஞ்சுல கட்டோட படுத்திருப்பேன். நீ லீவு போட்டுட்டு வா. வந்து ஏத்து."

"சரி" என்றேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு மருத்துவர் வெளியே வந்தார். வால்வை மாற்றியாகிவிட்டது, இதயம் திரும்ப ஓடத் தொடங்கவில்லை என்றார். ஒரு நாள் முன்னால் செய்திருந்தால் என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா," என்றார்.

மருத்துவமனைக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதத் தொடங்கினேன். அறுவைசிகிச்சை ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது என்பது முதல் வரி. காரணம் கேட்டு நான்கு வரிகள். அதற்கு மேல் ஓடவில்லை. தினமும் அதைத் திறந்து ஒரு சொல்லை மாற்றி மூடிவைப்பேன்.

ஆறு வாரம் கழித்து, சொன்னபடி விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன்.

அப்பா பந்தை உதைத்ததே இல்லை. தட்டைப் பாதம். ஆட்டம் உள்ள நாட்களில் மைதானத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். கடைசி வண்டி வந்து சேரும் வரை வாசலில் நின்று நேரம் எழுத ஓர் ஆள் வேண்டும். அது அப்பா. எழுதி முடிப்பதற்குள் இடைவேளை வந்துவிடும். அப்போது உள்ளே போவார். முதல் இரண்டு வருடம் அவர் பார்த்தது எல்லாம் பிற்பாதிகள்தான். முற்பாதியில் என்ன நடந்தது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். பக்கத்தில் நின்றவர் ஒரு தையற்காரர்.

"உங்கப்பனுக்கு ரெண்டு வருஷம் கதை சொன்னவன் நான்," என்றார் தையற்காரர், அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்று. "அதுல நாலஞ்சு கோல் நானா போட்டது. பாவம், கடைசி வரைக்கும் நம்பிட்டிருந்தாரு."

அந்த இருவரில் தொடங்கி ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்தது. பன்னிரண்டு இருக்கை. வேன் என் தாய்மாமாவுடையது. வெளியூர் ஆட்டம் என்றால் மாமா ஓட்டுவார், அப்பா நேரம் சொல்வார். இந்தப் பழக்கம் வந்தது பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் நடந்த ஒரு தவறால். அன்றும் கோப்பை ஆட்டம், அன்றும் அக்கரை. எனக்குப் பதினொரு வயது. நானும் போனேன். நாங்கள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகு போய்விட்டிருந்தது. எத்தனை நிமிடத்தில் தவறவிட்டோம் என்பதில் இன்று வரை ஒற்றுமை இல்லை. மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் ஜெயித்தோம். அந்த மூன்று கோல்களை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. வேனுக்குப் பக்கத்தில் நின்று வானொலியில் கேட்டார்கள். தாமதத்துக்குக் காரணம் தையற்காரர் என்பது எல்லாரும் ஏற்றுக்கொண்ட முடிவு. அவரும் மறுத்ததில்லை.

அதன் பிறகு அக்கரை அணியோடு கோப்பையில் மோதவே இல்லை. சின்னச் சின்ன ஆட்டங்களுக்கு நான்கு முறை போய் வந்தார்கள். நான்கு முறையும் படகைப் பிடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தையற்காரரின் கடையில் கூடினார்கள். பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. கடைப் பொம்மைக்கு எங்கள் அணியின் நீல பனியன் மாட்டியிருந்தது. நான் போனபோது பேச்சு சூடாக நடந்துகொண்டிருந்தது.

"அக்கரைக்காரன் மைதானம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும்," என்றார் ரெஃப்ரி. அவர் எலக்ட்ரீஷியன். எந்த நடுவரின் தீர்ப்பையும் இதுவரை ஏற்றுக்கொள்ளாததால் அந்தப் பட்டம். "டாஸ் ஜெயிச்சா மேல இருந்து கீழ ஆடணும்."

"முதல் பாதியில மேல இருந்து ஆடினா, அடுத்த பாதியில கீழ இருந்துதானே ஆடணும்?" என்றார் மருந்துக்கடை அக்கா. "பள்ளம் உன்னைப் பார்த்துப் பயந்து எழுந்து போயிடுமா?"

"காத்து இருக்குல்ல அக்கா. மத்தியானத்துக்கு மேல கடல் காத்து திரும்பும்."

"நீ ரெஃப்ரியா, வானிலை அறிக்கையா?"

"லெஃப்ட் பேக்குக்கு முட்டி போச்சாம்," என்றார் தையற்காரர், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே. "காலிறுதிக்குக் கால் இல்லாம போறோம்."

"விருந்தாளி ஸ்டாண்டுக்கு இன்னும் கூரை போடலை. மழை வந்தா நனைய வேண்டியதுதான்."

"அக்கரைக்காரனுக்கு நம்ம மேல என்ன அக்கறை?"

எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சிலேடை பத்தொன்பது வருடமாக ஓடுகிறது என்று அக்கா என்னிடம் சொன்னார். துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதிகம் பேசமாட்டார். அப்பா போன பிறகு இன்னும் குறைந்துவிட்டது.

"சரி, எத்தனை மணிக்குக் கிளம்பறது?" என்றார் ரெஃப்ரி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் ஒரு துணி மூட்டை இருந்தது.

"எப்பவும் போலத்தான்," என்றார் தையற்காரர். "ஆறே முக்கால்."

"ஆறே முக்காலா? ஏழே கால்," என்றார் ரெஃப்ரி.

"ரெண்டு பேருக்கும் மறந்து போச்சு," என்றார் அக்கா. "ஏழரை. அண்ணன் எனக்கு எப்பவும் ஏழரைன்னுதான் சொல்வாரு."

"எனக்கு ஆறே முக்கால்னு சொல்வாரு."

"எனக்கு ஏழே கால்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் இருந்த பேக்கரிக்காரர் மெதுவாக, "எனக்கு ஏழு," என்றார்.

தையற்காரர் ஊசியைப் பனியனில் குத்தி வைத்தார். "நான் வரும்போது எத்தனை மணியா இருக்கும்?"

"ஏழரை ஆகிடும். நீ என்னைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தே?"

"வண்டி ரெடியா நிக்கும். எனக்காக முக்கா மணி நேரமா நிக்குதேன்னு ஒவ்வொரு தடவையும் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்பேனேய்யா!"

"ஆமா. நானும் பெருந்தன்மையா 'பரவாயில்லை விடு'ன்னு சொல்வேன்," என்றார் ரெஃப்ரி. "நானே அப்பத்தான் வந்து ஏறியிருப்பேன்."

சிரிப்பு அடங்க நேரமானது. அடங்கியதும் கோபம் வந்தது. ஏமாற்றப்பட்டதற்காக இல்லை, அளவுக்காக.

"எனக்கு முக்கா மணி. இவனுக்குக் கால் மணிதானா? இவன் என்ன பெரிய ஒழுங்கு?" என்றார் தையற்காரர்.

"எனக்குப் பூஜ்யம்," என்றார் அக்கா. "ஏழரைன்னா ஏழரை."

"உங்களுக்கு ஏழரைதான்னு எங்களுக்கு அப்பவே தெரியும் அக்கா," என்றார் ரெஃப்ரி.

அக்கா அளவு நாடாவை எடுத்து அவர் மேல் வீசினார். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். தையல், 45. பேக்கரி, 30. ரெஃப்ரி, 15. மருந்து, 0. எங்கள் ஆய்வகத்தில் கருவிகளின் மேல் ஒட்டும் சீட்டு இதேதான். ஆறு வாரத்தில் முதல் முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

"இப்போ என்ன செய்யறது?" என்றார் தையற்காரர். "இனிமே ஆறே முக்கால்னு சொன்னா, அது ஏழரைன்னு எனக்குத் தெரியும். நான் எட்டேகாலுக்குத்தான் வருவேன்." அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்னார்.

"படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

இதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பதில். ஒன்பது. அடுத்தது பிற்பகல் ஒரு மணிக்கு. கடலைக் கடக்க ஒன்றரை மணி நேரம், ஆட்டம் இரண்டு மணிக்கு. ஒன்பது மணிப் படகை விட்டால் ஆட்டம் இல்லை.

"ஒன்பதுன்னு பேருதான்," என்றார் ரெஃப்ரி. "அரை மணி லேட்டாத்தான் எடுப்பான். எங்களை வேன்லயே உட்கார வச்சுட்டு, அண்ணன் ஒவ்வொரு தடவையும் கவுன்ட்டர்ல போய்ச் சண்டை பிடிப்பாரு. 'நேரம் பார்க்க ஆள் இல்லாத துறை இது'ன்னு ஒரே சத்தம்."

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஒழுங்கா எடுத்துத் தொலைச்சான் பாவி," என்றார் தையற்காரர்.

"லேட்டா எடுப்பான்னு நம்பித் திட்டம் போடக் கூடாது," என்றேன். "ஒன்பதுன்னா ஒன்பது."

"அப்படியே அப்பன் குரல்," என்றார் அக்கா. பிறகு பையில் எதையோ தேடினார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். துறைக்கு எழுபது நிமிடப் பயணம். ஏழரைக்கு வண்டி நகர்ந்தால் இருபது நிமிடம் மிச்சம். பிழை எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதால் கழித்துக்கொள்வார்கள். எவ்வளவு என்று தெரியாவிட்டால் கழிக்க முடியாது. பத்து முதல் அறுபது வரை நிமிடங்களைச் சீட்டுகளில் எழுதிக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்றாக எடுக்கும்படி அம்மாவிடம் நீட்டினேன்.

"அவரு பல்லு விளக்கிட்டே செய்வாரு," என்றாள் அம்மா. "உனக்கு இதுக்குக் கிண்ணமா?"

வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு அவரவர் சீட்டில் வந்த நிமிடங்களை ஏழரையிலிருந்து கழித்து நேரம் சொன்னேன். மாமாவுக்கு மட்டும் சீட்டு எடுக்கவில்லை. வண்டியைக் கொண்டுவருகிறவருக்கு எதற்குப் பொய்? ஏழே காலுக்கு வாங்க மாமா என்றேன். "சரி பாப்பா," என்றார்.

சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்குத் தையற்காரர் எங்கள் வாசலில் நின்றார். கையில் கொடி. "நீ சொன்னதுல எவ்வளவு பொய்னு ராத்திரி பூரா கணக்குப் போட்டேன். தலை வலிச்சுது. சரி, வந்து தொலைவோம்னு வந்துட்டேன்." ஏழு மணிக்குள் மாமாவைத் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள். என் கணக்கு பலித்ததில் எனக்குப் பெருமை. அம்மா எல்லாருக்கும் டீ கொடுத்தாள்.

ஏழே கால் ஆனது. ஏழரை ஆனது. தெருவில் வேன் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். ஐந்தாவது முறை எடுத்தார்.

"கிளம்பிட்டேன் பாப்பா, இதோ." தூக்கத்திலிருந்து எழுந்த குரல்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு வேன் வந்தது. மாமாவின் ஒரு கன்னம் மழித்திருந்தது, இன்னொன்று மழிக்கவில்லை. யாரும் ஏறுவதற்கு முன்பே இறங்கி நின்றுகொண்டார்.

"மச்சான் வரலையே," என்றார். "வெளியூர் ஆட்டம்னா காலையில ஆறு மணிக்கெல்லாம் எங்க வீட்டுக்கு வந்துடுவாரு. 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்'னு சொல்லிட்டுக் கூடத்துல உட்காந்து பேப்பர் படிப்பாரு. நான் எழுந்து குளிச்சு ரெடியாகி, ரெண்டு பேருமா வண்டியை எடுத்துட்டு வருவோம். நிஜமாவே சும்மா வர்றாருன்னுதான் நான் இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன்."

தையற்காரர் அவர் தோளைப் பிடித்து ஓட்டுநர் இருக்கைப் பக்கம் தள்ளினார். "அழுவறதை வண்டியை ஓட்டிட்டே அழு."

முதல் கால் மணி நேரம் எல்லாரும் மாமாவைத் திட்டினார்கள். பிறகு திட்டுவதை நிறுத்தினார்கள். எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். ரயில்வே கேட்டில் ஒன்பது நிமிடம் போனது. சரக்கு ரயில், ஐம்பத்தெட்டுப் பெட்டி. பேக்கரிக்காரர் வாய்விட்டு எண்ணினார், அக்கா அதட்டினார்.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை முதல் ஆளா வந்திருக்கேன்," என்றார் தையற்காரர், ஜன்னலைப் பார்த்து. "அதைப் பார்க்க வேண்டியவரு இல்லை. படகும் இருக்கப் போறதில்லை."

நான் பின் இருக்கையில் என் தவறைத் தேடிக்கொண்டிருந்தேன். மாமா முதல் தவறு. ஆளைச் சோதிக்காமலே பூஜ்யம் என்று சீட்டு ஒட்டிவிட்டேன். மருத்துவமனையில் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. எல்லாரையும் படகில் ஏற்று. பன்னிரண்டு இருக்கையும் நிரம்பியிருந்தது. அவருடையதில் கொடி இருந்தது. எல்லாரையும் ஒன்றாகத் தாமதமாக்கி வைத்திருந்தேன்.

துறைக்குள் திரும்பியபோது ஒன்பது பதினொன்று.

படகு நின்றிருந்தது. வண்டிகள் ஏறும் பாலம் இறக்கியே இருந்தது. ஒரு லாரி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

"சொன்னேன்ல!" என்று கத்தினார் ரெஃப்ரி. "லேட்டு! அவன் என்னைக்கும் லேட்டுதான்! நல்லா இருப்பான் அவன்!"

நான் இறங்கி டிக்கெட் கவுன்ட்டருக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். மூச்சு வாங்க, "நல்லவேளை, இன்னைக்கும் லேட்டு," என்றேன்.

அவர் முகம் மாறியது. "யாரு லேட்டு?"

"படகு. ஒன்பது மணிப் படகு."

"ஒன்பது மணிக்கு இங்க படகே கிடையாதும்மா." விரலால் மேலே காட்டினார். தலைக்கு மேல் பலகை. அக்கரை, 9.30. எழுத்துகள் பழசு, பலமுறை மேலேயே வண்ணம் பூசியிருந்தார்கள். "நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து ஒன்பதரைதான். ஒரு நிமிஷம் லேட்டா எடுத்தது இல்லை. அபாண்டமாப் பேசாதீங்க."

நான் பலகையைப் பார்த்தேன். ஒன்பது என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாருக்கும் சொன்னவர் அப்பா. ஆய்வகத்தில் சான்றிதழ் பார்க்காமல் ஓர் அளவைக்கூட ஏற்க மாட்டேன். இதை ஏற்றுக்கொண்டேன்.

கவுன்ட்டர்காரர் என் தோளுக்குப் பின்னால் நீல பனியன்களைப் பார்த்தார். "ஓ, நீங்க அந்த ஃபுட்பால் கோஷ்டியா? ஒருத்தர் வருவாரே, கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பாரு. முதல்ல தனியா வந்து என்கிட்ட சொல்லிடுவாரு: 'கொஞ்ச நேரத்துல உங்களை நல்லா திட்டுவேன், தப்பா எடுத்துக்காதீங்க'ம்பாரு. அப்புறம் எட்டி நின்னு கத்துவாரு, 'நேரம் பார்க்க ஆள் இல்லையா'ன்னு. டிக்கெட் வாங்கும்போது கண்ணடிப்பாரு. அவரு வரலையா?"

"இல்லை," என்றேன். "பதினோரு டிக்கெட்."

வேனுக்குத் திரும்பி அதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு தையற்காரர் தொடங்கினார். பாலத்தைக் கடந்து படகில் ஏறி, ஒன்பதரைக்குச் சங்கு ஊதும் வரை சிரித்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும்கூடவா பூஜ்யம் இல்லை? எனக்கும் அரை மணியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மேல்தளத்தில் தையற்காரர் என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது," என்றார். "அன்னைக்கு, பத்தொன்பது வருஷம் முன்னாடி, நான் லேட்டுதான். ஆனா நான் ஓடி வந்தப்போ வேன் உங்க வீட்டு வாசல்லயேதான் நின்னுச்சு. நீ உள்ள ஷூ தேடிட்டு இருந்தே. நான் வந்து பத்து நிமிஷம் கழிச்சு ஒத்தைக் கால் ஷூவோட வந்தே. உங்கப்பன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'உன் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்டா, பிள்ளை அழும்'னாரு. இருக்கட்டும்னு விட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"உன்னைக் குறை சொல்லலைம்மா. ஷூ கிடைச்சுதா அப்புறம்?"

"தெரியலை," என்றேன்.

அவர் போன பிறகு ஒரு கேள்வி வந்தது. தையல் 45, பேக்கரி 30, ரெஃப்ரி 15. எனக்கு எவ்வளவு? அப்பா எனக்குச் சொன்ன நேரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பள்ளிப் பேருந்து. பரீட்சை. ரயில். எதையும் நான் தவறவிட்டதில்லை. நேரம் தவறாதவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. பிறகு அந்த நர்ஸின் முகம் வந்தது. என்னைப் பார்த்துவிட்டு, கதவு வழியாக அப்பாவைப் பார்த்த முகம். கவுன்ட்டர்காரரிடம் சற்று முன் பார்த்ததும் அதே முகம்தான்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"படகு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. அம்மா, ஆபரேஷனுக்கு முதல்ல எந்தக் கிழமை சொன்னாங்க?"

அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"வியாழன்," என்றாள்.

"தள்ளிப் போடலையா?"

"இல்லை. முதல்லருந்தே வியாழன் காலையில ஏழு மணி. 'அவளுக்குப் புதன் பத்து மணின்னு சொல்லு, அப்பத்தான் ராத்திரிக்குள்ளயாவது வந்து சேருவா'ன்னாரு. நான் சொல்ல மாட்டேன்னேன். அவரே போனை வாங்கிச் சொன்னாரு. நீ நர்ஸ்கிட்ட கத்தினப்போ எழுந்து வந்து சொல்லிடலாம்னு பார்த்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நீ லேட்டா வர்றவள்னா?"

தொலைபேசியை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். புதன் காலை பத்து என்றார். மாலை ஆறுக்குப் போனேன். எட்டு மணி நேரம். வியாழன் காலை ஏழு என்று உண்மையைச் சொல்லியிருந்தால் பிற்பகல் மூன்றுக்குப் போயிருப்பேன். அவர் இரண்டு நாற்பதுக்கு இறந்தார். புதன்கிழமை ஆறிலிருந்து எட்டு வரை இரண்டு மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பாதி ஆரஞ்சு கொடுத்தார். குலுக்கலைப் பற்றிச் சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்தையும் அவர்தான் எனக்கு ஏற்பாடு செய்திருந்தார். அதில் பத்து நிமிடத்தை நர்ஸைத் திட்டுவதில் செலவழித்திருக்கிறேன்.

தொலைபேசியிலேயே இருந்த புகார்க் கடிதத்தைத் திறந்தேன். ஐந்து வரிகளையும் அழித்தேன். கோப்பு காலியானதும் அதையும் அழித்தேன். காற்று பலமாக இருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது என்று அக்காவிடம் சொன்னேன். அவர் காற்று வராத பக்கமாக என்னை உட்காரவைத்து, கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆட்டத்தில் தோற்றோம். இரண்டுக்கு ஒன்று. ரெஃப்ரி சொன்னபடி கடல் காற்று திரும்பியது, எங்களுக்கு எதிராக. இரண்டாவது கோல் ஆஃப்சைட் என்று அவர் இன்னும் சொல்கிறார். மழை வந்தது, கூரை இல்லாததால் நனைந்தோம். எங்கள் ஒரே கோல் முற்பாதி முப்பத்தெட்டாவது நிமிடம் விழுந்தது, லெஃப்ட் பேக்குக்குப் பதிலாக வந்தவர் போட்டது. பதினோரு பேரும் பார்த்தோம். தையற்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நல்லாப் பார்த்துக்கோ. இது நிஜ கோல், நான் போட்டது இல்லை."

ஆட்டம் முடிந்து வெளியே வந்தோம். எல்லாரும் ஈரம். டீ குடிக்காமல் நகர மாட்டேன் என்று பேக்கரிக்காரர் ஒரு கடை வாசலில் நின்றுவிட்டார். மாமா வண்டிச் சாவியைத் தேடிப் பாக்கெட் பாக்கெட்டாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"திரும்பற படகு எத்தனை மணிக்கும்மா?" என்றார் தையற்காரர்.

வரும்போதே துறையில் பலகையைப் பார்த்து வைத்திருந்தேன். ஆறு மணி.

"அஞ்சே கால்," என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "டேய், டீயைச் சீக்கிரம் குடிங்கடா!" என்று சத்தம் போட்டார்.